'நீக்கு' என்ற கட்டளைக்குக் குறிப்பு எழுதுதல்

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயரை யாரும் அழிப்பதில்லை. அவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனாலும் அந்த வரி அப்படியே இருக்கும். விலகிய தேதி, சான்றிதழ் எண், காரணம் ஆகியவை அதே வரியில் ஏறும். பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த தேதியைச் சரிபார்க்க ஒருவர் வந்து நின்றால் அந்த வரிதான் அவருக்குச் சான்று. எமிஸ் தளத்திலும் இதே வழக்கம்தான். விலகும் மாணவரின் பதிவு அழிவதில்லை. அது பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.

'நீக்குதல்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் இரண்டு பொருள் இருப்பதை நம் அலுவலக உதவியாளர்கூட அறிவார். ஒன்று, நடப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவைத்தல். மற்றொன்று, சுவடே இல்லாமல் அழித்தல். கணினியிலோ இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான் நிற்கிறது. அந்தச் சொல்லை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை, அதற்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

அழிக்கும் ஆற்றல் உள்ள ஒரு கருவிக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது என்பதைக் கட்டுமானத் துறை மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மேல்நிலை வகுப்புக் கணினி ஆசிரியர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். வழிமுறை எழுதுதலைக் கற்பிக்கும் மொழி ஆசிரியர்களும் ஆய்வகம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்களும் இதிலிருந்து வகுப்புக்கான செயல்பாடுகளை எடுத்துக்கொள்ளலாம்.

கட்டடமும் மென்பொருளும்

பெரிய கட்டட வேலைகளில் காகிதக் கட்டுகள் இருந்த இடத்துக்குத் திட்ட மேலாண்மை மென்பொருள்கள் வந்துவிட்டன. புரோகோர் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. டிராயிங்குகள், அன்றாடம் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், என்ன வேலை நடந்தது என்ற நாள் குறிப்பு, வேலை நடக்கும் இடத்திலிருந்து வடிவமைப்பாளருக்குப் போகும் சந்தேகக் கேள்விகள், அவற்றுக்கான பதில்கள், கடைசியில் சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல், கூடுதல் வேலைக்கான ஒப்புதல் எல்லாம் இவற்றில் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும்.

இவற்றை மனிதர் திரையில் தொட்டும் இயக்கலாம். இன்னொரு நிரலும் இயக்கலாம். ஒரு நிரல் மற்றொரு நிரலிடம் வேலை சொல்வதற்கான ஒழுங்கான வாசலை ஏபிஐ என்கிறோம். இணையவழி ஏபிஐகளில் 'கெட்' என்பது படிப்பதற்கான கட்டளை. அதை எத்தனை முறை அனுப்பினாலும் தகவல் மாறாது. 'டெலீட்' என்பது நீக்குவதற்கான கட்டளை. திரையில் நாம் நீக்கும்போது "நிச்சயமாகவா?" என்று ஒரு பெட்டி தோன்றி நம்மை ஒரு நொடி நிறுத்துகிறது. ஏபிஐ வழியாகக் கட்டளை அனுப்பும் நிரலுக்கு அந்தப் பெட்டி தோன்றாது. நிரலை எழுதியவர் முன்னரே படித்த குறிப்பு ஒன்றுதான் அங்கே எச்சரிக்கை.

ஒரு டிராயிங்கை நீக்கினால் அப்படி என்ன ஆகிவிடும்? வகுப்பில் சொல்வதற்காக ஒரு கற்பனைப் பள்ளிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தளத்தின் பீம்களுக்கு 12 எம்எம் கம்பி என்று முதல் டிராயிங் சொல்கிறது. இரண்டு பீம்களுக்குக் கான்கிரீட் போட்ட பிறகு, 16 எம்எம் கம்பி என்று திருத்திய டிராயிங் வருகிறது. "பழையது இனி எதற்கு?" என்று ஒருவர் முதல் டிராயிங்கை நீக்கிவிடுகிறார். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு பீம்களில் ஒன்றில் விரிசல் தெரிகிறது. கம்பி கட்டியவர் தவறு செய்தாரா, அன்று கையில் இருந்த டிராயிங்கின்படிதான் கட்டினாரா? பதில் சொல்ல வேண்டிய காகிதம் இப்போது இல்லை. பழி மேஸ்திரியின் தலையில் விழும். எந்த பீம்களை வலுப்படுத்த வேண்டும் என்பதும் தெரியாமல் போகும். ஒரு பயன்பாட்டுக் குறிப்பின் பின்னால் மனிதரின் பெயரும் கட்டடத்தின் பாதுகாப்பும் இருக்கின்றன.

கட்டுமானத் துறை இந்தப் பாடத்தைக் கணினிக்கு முன்பே கற்றிருந்தது. அரசுப் பணிகளில் பயன்படும் அளவுப் புத்தகத்தில் பக்க எண்கள் அச்சாகியிருக்கும். பதிவுகளை மையால்தான் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் சுரண்டக் கூடாது. அடித்துவிட்டு, சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். தவறான எண்ணும் படிக்கும்படி அங்கேயே இருக்கும்.

2022 ஏப்ரலில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட அட்லாசியன் என்ற நிறுவனம் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் ஆகிய மென்பொருள்களைத் தருகிறது. 2022 ஏப்ரல் 5 அன்று, வாடிக்கையாளர் தளங்களிலிருந்து ஒரு பழைய செயலியை மட்டும் நீக்க அந்நிறுவனம் ஒரு நிரலை இயக்கியது. செயலியின் அடையாள எண்களைக் கொடுப்பதற்குப் பதிலாக, அந்தச் செயலி இருந்த தளங்களின் அடையாள எண்களே நிரலுக்குக் கொடுக்கப்பட்டன. அரை மணி நேரத்துக்குள் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் முழுமையாக நீங்கின. எல்லாரையும் மீட்டு முடிக்க ஏப்ரல் 18 ஆனது.

காரணங்களை அந்நிறுவனமே பின்னர் வெளிப்படையாக எழுதியது. அதில் நமக்குப் பாடமாக இருப்பது இதுதான். நீக்கும் ஏபிஐ, செயலியின் எண்ணையும் ஏற்றது. தளத்தின் எண்ணையும் ஏற்றது. எதைக் கொடுத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. "நீங்கள் நீக்கப்போவது செயலியையா, முழுத் தளத்தையா?" என்று அது கேட்கவில்லை. நிரலைச் சக பொறியாளர்கள் சரிபார்த்தபோதும், எந்தக் கட்டளை எப்படி அழைக்கப்படுகிறது என்று பார்த்தார்களே தவிர, கொடுக்கப்பட்ட எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்க்கவில்லை. ஒரு குழு மற்றொரு குழுவுக்குச் சொன்னதில் இருந்த இடைவெளியே முதற்காரணம். அங்கே குறை எழுத்தில் இருந்தது. நிரல் சொன்னதைச் செய்தது.

பொய் இல்லாத, ஆனால் ஆபத்தான குறிப்பு

மாணவரிடம் "டிராயிங்கை நீக்கும் கருவிக்குக் குறிப்பு எழுது" என்றால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"டிராயிங் நீக்கு: கொடுக்கப்பட்ட டிராயிங்கை நீக்கும். தேவை: அடையாள எண். பதில்: வெற்றி அல்லது தோல்வி."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் இதை நம்பி யாரும் அந்தக் கட்டளையை அனுப்பக் கூடாது. என்ன குறை என்பதை ஏழு கேள்விகளால் கண்டுபிடிக்கலாம்.

1. சரியாக எது நீங்கும்? டிராயிங் முழுவதுமா, அதன் ஒரு திருத்தம் மட்டுமா, டிராயிங் தொகுதி முழுவதுமா? 'அடையாள எண்' என்றால் எதன் அடையாள எண்? வேறு வகை எண்ணைக் கொடுத்தால் கருவி மறுக்குமா? 2022 நிகழ்வு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

2. அதோடு சேர்ந்து எவை நீங்கும்? அந்த டிராயிங்கைச் சுட்டிக் கேட்ட சந்தேகக் கேள்விகளும் அதன் மேல் குறித்த குறைகளும் என்ன ஆகும்? தரவுத்தளத்தில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. இணைந்தவையும் சேர்ந்து நீங்கலாம். இணைப்பு மட்டும் அறுந்து அவை தனியே நிற்கலாம். இணைப்பு இருக்கும்வரை நீக்கவே முடியாது என்று கருவி மறுக்கலாம். மூன்றில் எது என்று குறிப்பு சொல்ல வேண்டும்.

3. திரும்பப் பெற முடியுமா? எத்தனை நாளுக்குள், யாரால், எப்படி? 'டெலீட்' என்ற பெயரை வைத்து இதை ஊகிக்க முடியாது. 2022 ஜூனில் வெளியான எச்டிடிபி தரநிலையே, இந்தக் கட்டளை அந்த முகவரிக்கும் அதில் கிடைத்த தகவலுக்கும் உள்ள தொடர்பை அறுக்கச் சொல்வதுதான். அடியில் உள்ள தகவல் அழிந்தே தீரும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று விளக்குகிறது. ஒரே கட்டளை ஒரு மென்பொருளில் மறைத்து வைக்கும்; இன்னொன்றில் நிரந்தரமாக அழிக்கும்.

4. யாருக்கு அனுமதி? டிராயிங்கைப் பார்க்கும் அனுமதி உள்ள எல்லாருக்கும் நீக்கும் அனுமதி தேவையில்லை.

5. அதே கட்டளை இரண்டு முறை போனால்? இணைப்பு நடுவில் அறுந்தால், நீங்கியதா இல்லையா என்று தெரியாமல் நிரல் மறுபடியும் அனுப்பும். துடைத்த கரும்பலகையை மீண்டும் துடைத்தால் கெடுதல் இல்லை. "15ஆம் எண் டிராயிங்கை நீக்கு" என்பதும் அப்படித்தான். ஆனால் "பட்டியலில் கடைசியாக உள்ளதை நீக்கு" என்பது இரண்டு முறை போனால் இரண்டு டிராயிங்குகள் போய்விடும். எச்டிடிபி தரநிலைப்படி டெலீட் கட்டளை முதல் வகையைப் போல நடந்துகொள்ள வேண்டும்.

6. என்ன பதில் வரும்? 204 என்றால் வேலை முடிந்தது, திருப்பித் தர எதுவும் இல்லை. 202 என்றால் கட்டளையை ஏற்றிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. 403 என்றால் அனுமதி இல்லை. 404 என்றால் அப்படி ஒன்று இல்லை. 409 என்றால் இப்போதைய நிலையோடு முரண்படுகிறது. 202ஐ 'முடிந்தது' என்று படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் நிரல் தவறு செய்யும்.

7. நீக்காமலே வேலை முடியுமா? பழைய டிராயிங் யார் கையிலும் தவறாகப் போய்விடக் கூடாது என்பதுதான் தேவையென்றால், 'வழக்கொழிந்தது' என்று குறியிட்டால் போதும். தேடி வந்தவருக்கு இந்த மாற்றுவழியை முதலில் காட்டுவது நல்ல குறிப்பின் அடையாளம்.

எச்சரிக்கையின் இடம்

ஏழு பதில்களும் இருந்தாலும் வரிசை தவறினால் பயனில்லை. வேதியியல் ஆய்வகத்தில் அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் வழிமுறையை நினைத்துப் பாருங்கள். "அமிலத்தையும் நீரையும் கலக்கவும்" என்பது முதல் வரியாகவும், "நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது" என்பது ஐந்தாம் வரியாகவும் இருந்தால், ஐந்தாம் வரிக்கு வருவதற்குள் மாணவரின் கையில் அமிலம் தெறித்திருக்கும். வழிமுறையைப் படிப்பவர் முழுவதும் படித்துவிட்டுச் செய்வார் என்று நம்பக் கூடாது. படிக்கப் படிக்கச் செய்வதே மனித இயல்பு. ஆகவே விளைவும் எச்சரிக்கையும் கட்டளைக்கு முன்னால் வர வேண்டும்.

எல்லா வரியிலும் 'எச்சரிக்கை' என்று போடுவதும் தவறு. பத்து எச்சரிக்கைகளுக்கு நடுவே உண்மையானது மறைந்துவிடும். திரும்பப் பெற முடியாத இடத்துக்கு மட்டும் அந்தச் சொல்லைச் சேமித்து வைக்க வேண்டும்.

மாதிரிக் குறிப்பு

நமது கற்பனைப் பள்ளிக் கட்டட மென்பொருளுக்கு ஏழு கேள்விகளின்படி எழுதிய குறிப்பு இது:

கருவியின் பெயர்: டிராயிங் திருத்தத்தை நிரந்தரமாக நீக்கு

எச்சரிக்கை: இதைத் திரும்பப் பெற முடியாது. ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

இதற்கு முன் பார்க்கவும்: பழைய திருத்தம் பயன்பாட்டில் இருக்கக் கூடாது என்பது மட்டுமே தேவையென்றால், 'வழக்கொழிந்ததாகக் குறியிடு' என்ற கருவியைப் பயன்படுத்தவும்.

என்ன செய்யும்: ஒரு டிராயிங்கின் ஒரேயொரு திருத்தத்தை நீக்கும். அதே டிராயிங்கின் மற்றத் திருத்தங்கள் அப்படியே இருக்கும்.

சேர்ந்து நீங்குபவை: அந்தத் திருத்தத்தின் மேல் வரைந்த குறியீடுகள் சேர்ந்து நீங்கும். சந்தேகக் கேள்வியோ நாள் குறிப்போ அதைச் சுட்டினால் நீக்கம் நடக்காது. 409 என்ற பதிலும் சுட்டும் பதிவுகளின் பட்டியலும் வரும்.

தேவையானவை: திருத்தத்தின் அடையாள எண், திருத்தத்தின் தலைப்பு. இரண்டும் பொருந்தாவிட்டால் நீக்கம் நடக்காது. டிராயிங் எண்ணையோ திட்ட எண்ணையோ ஏற்காது.

அனுமதி: திட்ட நிர்வாகிக்கு மட்டும்.

ஒத்திகை: 'ஒத்திகை' என்று சேர்த்து அனுப்பினால் எதுவும் நீங்காது, நீங்கப்போகிறவற்றின் பட்டியல் மட்டும் வரும். முதலில் இதைச் செய்யவும்.

பதில்கள்: நீங்கியது 204, அனுமதி இல்லை 403, ஏற்கெனவே நீங்கியது அல்லது இல்லாதது 404, வேறு பதிவு சுட்டுகிறது 409.

மீண்டும் அனுப்பினால்: 404 வரும். வேறு எதுவும் நீங்காது.

பெயரிலேயே 'திருத்தம்', 'நிரந்தரமாக' என்ற இரு சொற்கள் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். குறிப்பைப் படிக்காமல் பெயரை மட்டும் பார்ப்பவரும் பாதி செய்தியைப் பெறுகிறார். தலைப்பையும் சேர்த்துக் கேட்பதால், எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனாலும் கருவி நின்றுவிடும்.

குறிப்பைப் படிக்கும் இயந்திரம்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இத்தகைய குறிப்புகளைப் படித்தவர்கள் நிரலாளர்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் படிக்கின்றன. பயனர் "பழைய டிராயிங்குகளை ஒழுங்குபடுத்து" என்று சொன்னால், எந்தக் கருவியை அழைப்பது என்பதை உதவியாளர் அக்கருவியின் பெயரையும் குறிப்பையும் படித்தே முடிவு செய்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது ஒழுங்குமுறை இதற்கு உதவுகிறது. அதன் 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கக் கூடியதா, மீண்டும் அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா என்று குறியிடும் வசதி வந்தது. தகவலை மாற்றக்கூடிய கருவி ஒன்றில் இந்தக் குறியே இல்லையென்றால், அது அழிக்கக் கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாத இடத்தில் எச்சரிக்கையின் பக்கம் சாய்வது என்ற நல்ல மரபு இது.

ஆனால் இவை குறிப்புகளே, பூட்டு அல்ல. நம்பிக்கைக்கு உரியதல்லாத இடத்திலிருந்து வரும் குறியை அப்படியே நம்பக் கூடாது என்றும் அதே ஒழுங்குமுறை சொல்கிறது. 'ஒழுங்குபடுத்து' என்பதை 'நீக்கு' என்று இயந்திரம் புரிந்துகொண்டால், இறுதியில் காப்பாற்றுவது அனுமதிக் கட்டுப்பாடும் மனிதரின் ஒப்புதலும்தான். குறிப்பு நன்றாக இருப்பதால் மற்றக் காவல்களைக் கைவிடலாம் என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

வகுப்பறையில்

தொடக்க வகுப்புகள்: கரும்பலகையில் தேதி, வீட்டுப்பாடம், ஒரு பழமொழி, ஒரு படம் நான்கையும் எழுதி வையுங்கள். ஒரு குழந்தையிடம் "பலகையை அழி" என்ற சீட்டைக் கொடுங்கள். எல்லாம் போனதும் "வீட்டுப்பாடம் எழுதலையே டீச்சர்!" என்று குரல்கள் எழும். மீண்டும் எழுதிவிட்டு, இன்னொரு குழந்தையிடம் "எல்லாரும் வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டார்களா என்று கேள். தேதியை விட்டுவிட்டு மற்றவற்றை அழி" என்ற சீட்டைக் கொடுங்கள். இரண்டு சீட்டுகளுக்கும் என்ன வேறுபாடு என்று குழந்தைகளையே சொல்ல வையுங்கள். அழித்த குழந்தையின் மேல் தவறு இல்லை, சீட்டின் மேல்தான் தவறு என்பதை அவசியம் பேசுங்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகள்: தெளிவற்ற கட்டளை வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். "பழைய பதிவுகளை நீக்கவும்": எந்தத் தேதிக்கு முந்தையவை பழையவை? "தேவையற்றவற்றை நீக்கவும்": யாருக்குத் தேவையற்றவை? "டிராயிங்கை நாள் குறிப்போடு இணைத்தபின் அதை நீக்கலாம்": எதை நீக்கலாம், டிராயிங்கையா நாள் குறிப்பையா? சுட்டுப்பெயர் எதைச் சுட்டுகிறது என்ற இலக்கணப் பாடம் இங்கே உயிர்பெறுகிறது.

மேல்நிலை வகுப்புகள்: பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் எஸ்கியூஎல் மொழியின் டெலீட், ட்ரங்கேட், டிராப் கட்டளைகளின் வேறுபாடு உள்ளது. டெலீட் வரிசைகளை நீக்கும். ட்ரங்கேட் எல்லா வரிசைகளையும் நீக்கி அட்டவணையின் அமைப்பை மட்டும் விட்டுவைக்கும். டிராப் அட்டவணையையே நீக்கும். இந்த மூன்றுக்கும் ஏழு கேள்விகளின்படி தனித்தனிக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் இரண்டு பழக்கங்களை வளர்க்கலாம். முதலாவது, டெலீட் எழுதும் முன் அதே நிபந்தனையோடு செலக்ட் எழுதி எத்தனை வரிசைகள் வருகின்றன என்று பார்ப்பது. இதுவே ஒத்திகை. 'வேர்' நிபந்தனையை மறந்தால் எல்லா வரிசைகளும் போகும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது, பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு நீக்கி, ரோல்பேக் செய்து பார்த்து, பிறகு கமிட் செய்வது. மைஎஸ்கியூஎல் இயல்பாகவே ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் கமிட் செய்துவிடும். பரிவர்த்தனையைத் தொடங்காமல் ரோல்பேக் கொடுத்தால் எதுவும் திரும்பாது. ட்ரங்கேட், டிராப் இரண்டையும் அங்கே ரோல்பேக் மீட்காது. இதை மாணவர்கள் மாதிரி அட்டவணையில் தாமே செய்து, கைவிட்டுப் போவதை ஒரு முறை பார்த்துவிட்டால் குறிப்பின் அருமை புரியும்.

மதிப்பிடும் முறை

குறிப்பின் நீளத்துக்கோ அழகான தமிழுக்கோ மதிப்பெண் தர வேண்டாம். ஒரு குழு எழுதிய குறிப்பை வேறு குழுவிடம் கொடுங்கள். ஏழு கேள்விகளையும் அந்தக் குழுவிடம் கேளுங்கள். குறிப்பில் உள்ளதைக் கொண்டு மட்டுமே அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எழுதியவர்கள் வாய் திறக்கக் கூடாது. பதில் கிடைத்த கேள்விக்கு ஒரு மதிப்பெண். எச்சரிக்கை கட்டளைக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு. பாதுகாப்பான மாற்றுவழி சொல்லியிருந்தால் ஒன்று. மொத்தம் பத்து. பதில் கிடைக்காத கேள்விகளைக் குறித்துக்கொண்டு எழுதிய குழு மறுவரைவு எழுதட்டும். அந்த மறுவரைவில்தான் கற்றல் நடக்கிறது.

வகுப்பு முடியும்போது, அவரவர் கைப்பேசியில் 'டெலீட்' என்ற பொத்தான் உள்ள மூன்று இடங்களைப் பார்த்துவரச் சொல்லுங்கள். எதை நீக்கும், யாருக்கு நீங்கும், திரும்ப வருமா என்ற மூன்றையும் அங்குள்ள சொற்களிலிருந்தே கண்டுபிடிக்க முடிகிறதா என்று எழுதி வரட்டும். முடியாத இடங்களுக்கு அவர்களே தமிழில் குறிப்பு எழுதி வந்தால், அடுத்த பாடவேளையை அங்கிருந்தே தொடங்கலாம்.